வசந்தம் இல்லாத ஊரில் பூவும் பறவையும்: மழையிலிருந்து நாள் எண்ணுங்கள்

வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவருக்குக் கோலாலம்பூர் (கே.எல்.) செந்தூலில் ஏழாவது மாடியில் வீடு. காலை எட்டு மணிக்குள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். மாதம் ஒருமுறை பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் வருகிறார். குளிர்நாட்டுக்காரர்கள் வசந்த காலப் பூக்களையும் பறவைகளையும் அன்றாடம் ரசிக்கிறார்களே, வருடம் முழுக்க ஒரே வெயிலும் மழையுமாக இருக்கும் நம் ஊரில் அதற்கு வழி உண்டா? பால்கனியில் என்ன செடி வைக்கலாம், தீனி போடலாமா, பைனாகுலர் வாங்கலாமா?

வழி உண்டு. நம் ஊரில் பருவமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பதால்தான் அது கண்ணில் படுவதில்லை. குளிர்நாட்டில் பனி விலகுவதும் பகல் நீளுவதும் மரத்தை எழுப்பும். இங்கே அந்த வேலையைச் செய்வது வறட்சியும், அதை முறிக்கிற மழையும். கே.எல்.லில் வருடத்துக்கு இரண்டு முறை மழை உச்சத்துக்குப் போகும்: ஏப்ரலை ஒட்டி ஒன்று, அக்டோபர் நவம்பரில் ஒன்று. அவற்றுக்கு முந்தின ஜனவரி பிப்ரவரியும் ஜூன் ஜூலையும் ஒப்பளவில் காய்ந்த மாதங்கள். பினாங்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வறட்சி இன்னும் தெளிவாகத் தெரியும். அதனால் அங்கே பூப்பு கொஞ்சம் முந்திக்கொள்ளும். நம் கணக்கில் சொன்னால், தைப்பூசம் கழிந்து சித்திரை பிறப்பதற்குள் பெரிய பூப்பு நடந்து முடிந்துவிடும். ஆடி ஆவணி வாக்கில் சின்னதாக இன்னொரு சுற்று வரும். சில வருடம் வராமலும் போகும்.

எனவே முதல் வேலை, தேதியைப் பார்ப்பதை விட்டுவிட்டு மழையைப் பார்ப்பது. இரண்டு மூன்று வாரம் மண் காய்ந்து கிடந்து, ஒரு பிற்பகலில் கொட்டோ கொட்டென்று மழை பெய்தால், அந்த நாளைக் கைப்பேசி நாள்காட்டியில் குறித்துவையுங்கள். அங்கிருந்து ஒன்பது நாள் எண்ணுங்கள்.

ஏன் ஒன்பது? சாலையோரத்து முதிய தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளை அண்ணாந்து பாருங்கள். பறவைக்கூட்டுப் பெரணிகளுக்கு நடுவே புல்கட்டு மாதிரி, அடி பருத்து நுனி மெலிந்த தண்டுகள் சில தொங்கும். அது புறா ஆர்க்கிட். மலாயில் அங்கெரிக் மெர்பாத்தி என்பார்கள். மற்ற நாட்களில் அதைச் செடி என்றே யாரும் மதிப்பதில்லை. அதன் மொட்டுகள் ஓரளவு வளர்ந்த நிலையில் அப்படியே உறங்கிக்கிடக்கும். திடீர் மழையால் காற்றின் வெப்பம் சட்டென்று ஐந்தாறு டிகிரி இறங்கினால் மொட்டு விழித்துக்கொள்ளும்; சரியாக ஒன்பதாம் நாள் விரியும். உங்கள் தெருவில் மட்டுமல்ல, அந்த மழை நனைத்த வட்டாரம் முழுவதும் ஒரே காலையில் பூக்கும். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் தீற்றல், பக்கவாட்டில் பார்த்தால் சிறகு விரித்த புறா. நல்ல மணம். அன்று மாலைக்கே வாடத் தொடங்கும். மறுநாள் ஒன்றும் இருக்காது. ஒரே நாளில் எல்லாம் பூப்பதில் செடிக்கு லாபம் உண்டு: அக்கம்பக்கத்துச் செடியும் அன்றே பூத்திருந்தால்தான் வண்டு ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுசேர்க்கும். எண்ணி வைத்தால் நீங்கள் பார்ப்பீர்கள். எண்ணாவிட்டால் காலை நெரிசலில் அதன் அடியிலேயே காரில் போய்விடுவீர்கள். மழை தூறலாக மட்டும் பெய்திருந்தாலோ, ஏற்கெனவே நாலைந்து நாளாகக் குளிர்ச்சியாக இருந்தாலோ கணக்கு பலிக்காது. வெப்பம் திடீரென்று இறங்க வேண்டும், அதுதான் விசை.

அங்சானாவும் மழைக்குக் கட்டுப்பட்ட மரம். ஊரில் நாம் வேங்கை என்கிற மரத்துக்கு நெருங்கிய சொந்தம். வறட்சிக்குப் பின் வரும் மழையை அடுத்த சில நாட்களில், மரம் முழுக்க மஞ்சள் பொங்கும். அதுவும் ஒரு நாள் கூத்துதான். மறுநாள் அத்தனையும் தரையில். பினாங்கில் பழைய அங்சானா நிற்கும் சாலைகளில் தார் தெரியாத அளவு மஞ்சள் விரிந்து கிடக்கும். ஒரு நாளைத் தவறவிட்டால் வருத்தப்பட வேண்டாம், அதே மரம் சில நாள் இடைவெளியில் மறுபடியும் அலை அலையாகப் பூக்கும். மோட்டார்சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நனைந்த பூ வழுக்கும்.

தெக்கோமாவுக்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை. நாளிதழ்களில் வருடா வருடம் மலேசிய சக்குரா என்று படம் வருகிறதே, அந்த மரம். சக்குராவுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. பூர்வீகம் மத்திய அமெரிக்கா. வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் குழல்பூவாக நிறையும். ஒரு மரம் சில நாட்கள் தாங்கும், எல்லா மரமும் ஒரே நாளில் பூப்பதில்லை என்பதால் இரண்டு மூன்று வாரம் கண்ணுக்கு விருந்து. பெருமழை பெய்தால் கதை முடிந்தது. ஆகவே தெக்கோமாவை மழைக்கு முன், அங்சானாவை மழைக்குப் பின் பாருங்கள். சித்திரையை ஒட்டிக் கொன்றை சரம் சரமாகத் தொங்கும். இயல்வாகை மஞ்சள் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். பூமருது ஊதா. நாகலிங்கத்துக்கு மட்டும் பருவம் பார்க்க வேண்டாம், பினாங்குத் தாவரவியல் பூங்காவில் எப்போது போனாலும் அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு ஏதாவது பூத்திருக்கும். குனிந்து மோந்து பாருங்கள். மேலே காய் தொங்குகிறதா என்றும் பாருங்கள், பீரங்கிக் குண்டு அளவுக்கு இருக்கும்.

இனிப் பறவைக்கு வருவோம். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். நம் கண்ணை இழுக்கிற மரம் பறவையை இழுக்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை. தெக்கோமாவின் கீழ் அரை மணி நேரம் நின்றாலும் தேனீயும் ஓரிரு தேன்சிட்டும் தவிரப் பெரிதாக ஒன்றும் வராது. அழகில்லாத ஓர் அத்தி மரம் காய்த்திருந்தால், சிறுகாயாகப் பழுத்த நாட்களில் அது சந்தைக்கடை. செம்மார்புக் குக்குறுவான், பளபளக்கும் கறுப்பு உடம்பும் சிவந்த கண்ணுமாகக் கூட்டம் கூட்டமாக வரும் பெர்லிங், மாங்குயில், கழுத்தில் இளஞ்சிவப்புப் பூசிய பச்சைப்புறா, பினாங்கின் காட்டோரங்களில் அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சி. அத்தி காய்த்திருப்பதை மேலே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கீழே பாருங்கள். நடைபாதையில் சுண்டைக்காய் அளவுப் பழம் நசுங்கிக் கிடந்து, நிறுத்திய கார்களின் மேல் விதை கலந்த எச்சம் இருந்தால், தலைக்கு மேல் விருந்து நடக்கிறது என்று அர்த்தம். பச்சைப்புறா இலைக்குள் அசையாமல் உட்காரும். பழம் விழும் சத்தம் கேட்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள், கிளை தானாக அசையும்.

அடுத்து, சாக்கடையோரமும் கார் நிறுத்துமிடத்திலும் தானாக முளைக்கிற செர்ரி மரம். பள்ளிப் பிள்ளைகள் பறித்துத் தின்னும் சின்னச் சிவப்புப் பழம். வருடம் முழுக்கப் பூவும் காயும் இருப்பதால் கொண்டைக்குருவிக்கும் பூக்கொத்திக்கும் அதுதான் அன்னசத்திரம். பூக்கொத்தி கட்டைவிரல் அளவுதான் இருக்கும், ஆணின் முதுகில் உச்சி முதல் வால் வரை ஒரு சிவப்புக் கோடு. புறம்போக்கில் செம்மஞ்சள் கிண்ணப்பூவாகப் பூக்கும் பட்டடி மரமும் நல்ல இடம். வேலைக்குப் போகும் வழியில் இந்த மூன்றில் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பூங்காவுக்கு ஒருமுறை போவதைவிட ஒரே மரத்தடியில் தினம் பத்து நிமிடம் நிற்பது அதிகம் காட்டும். முதுகு சூரியனுக்கு இருக்கும்படி நில்லுங்கள், இல்லையென்றால் எல்லாப் பறவையும் காக்கை நிறம்தான். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. உங்கள் அசைவுக்குப் பயந்து அடங்கியவை திரும்பத் தலைகாட்ட அவ்வளவு நேரம் ஆகும்.

நேரம் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. பிப்ரவரியில் கே.எல்.லில் சூரியன் ஏறக்குறைய ஏழரைக்குத்தான் எழுகிறது. பினாங்கில் அதைவிடச் சில நிமிடம் தாமதம். அதாவது வேலைக்குக் கிளம்பும் நேரமும் பறவை சுறுசுறுப்பாக இருக்கும் நேரமும் ஒன்றே. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் அடங்கிவிடும். மாலை ஐந்தரைக்கு மேல் மறுபடி கிளம்பும்.

செந்தூல்காரருக்கு இன்னொரு வசதி. செந்தூல் திமோரிலிருந்து தித்திவங்சா வரை எல்.ஆர்.டி. தூண்களின் மேல் ஓடுகிறது. தரையிலிருந்து மரத்தைப் பார்த்தால் கழுத்து வலிக்கும், பறவையின் வயிறுதான் தெரியும். உயரமான ரயில் மேடையில் நின்றால் மர உச்சி கண் மட்டத்துக்கு வந்துவிடும். ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியை எடுக்காமல் இருந்தால் போதும். தித்திவங்சாவில் இறங்கினால் ஏரிப் பூங்கா தொலைவில்லை. கொக்கு, வெண்மார்பு மீன்கொத்தி, கரையோரப் புல்லில் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும் கானாங்கோழி.

கண்ணுக்கு முன் காதைப் பழக்குங்கள். இருட்டு விலகும் முன்பே, ஐந்தரை ஆறு மணிக்குக் குயில் ஆரம்பித்துவிடும். தூக்கம் கெடுகிறது என்று மாடி வீட்டுக்காரர்கள் திட்டுவது இதைத்தான். கே.எல்.லில் குயில் இவ்வளவு பெருகியதற்கு ஒரு பழைய கதை உண்டு. காக்கை இங்கே பூர்வகுடி இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தோட்டப் பயிர்களைத் தின்னும் புழுக்களை ஒழிக்க இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது அந்த வீட்டுக்காக்கை. காக்கை பரவியது, அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் பின்னாலேயே பரவியது. கறுப்பாகச் சிவந்த கண்ணோடு இருப்பது ஆண், அதுதான் கூவும். பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது பெண், அது கிக்கிக் என்று பதறும். ஜனவரியிலிருந்து ஆகஸ்டு வரை இந்தக் கூச்சல் தொடரும். காக்கைகள் ஒரு குயிலைத் துரத்தினால் பக்கத்தில் காக்கைக் கூடு இருக்கிறது என்று பொருள்.

குயிலுக்குப் போட்டியாக விடியலில் விளக்குக் கம்பத்தின் உச்சியிலிருந்து சீழ்க்கையடிப்பது குண்டுகரிச்சான், மலாய்க்காரர்களின் முராய் கம்போங். பாட்டை மாற்றி மாற்றிப் பாடும். வெயில் ஏறியபின் டொங்க் டொங்க் என்று ஒரே சீராகத் தகரம் தட்டுவது குக்குறுவான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் தலையைத் திருப்பித் திருப்பித் தட்டும். இலையற்ற கிளையின் உச்சியைத் தேடுங்கள். புல்லாங்குழல் மாதிரி ஒரு வழுக்கல் ஓசை கேட்டால் மாங்குயில். பெயரைப் பார்த்துப் பரம சாது என்று நினைக்க வேண்டாம், மற்றக் குருவிகளின் கூட்டில் புகுந்து குஞ்சைத் தூக்கிவிடும். இந்த நாலும் காதில் பதிந்துவிட்டால், ஐந்தாவதாகப் புதியது ஒன்று கேட்கும்போது தானாகவே தலை திரும்பும். மெர்லின் என்ற இலவசச் செயலி ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும். மலேசியாவுக்குரிய பறவைத் தொகுப்பை முதலிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அது சொல்வதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். சாலை இரைச்சலில் தப்பாகவும் சொல்லும். பெயரைக் காட்டியதும் கண்ணால் பார்த்து உறுதி செய்வதே முறை.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இன்னொன்றும் நடக்கிறது, வந்த விருந்தாளிகள் மூட்டை கட்டுகிறார்கள். செப்டம்பரில் வடக்கிலிருந்து வந்த பழுப்புக் கீச்சான், தகைவிலான், நீலவால் பஞ்சுருட்டான் எல்லாம் ஏப்ரல் கடைசிக்குள் பெரும்பாலும் போய்விடும். அவை போகிற நேரத்தில் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் குடும்பம் நடத்த வரும். மணற்பாங்கான தரையில் சாய்வாக வளை தோண்டி முட்டையிடும். புது வீடமைப்புப் பகுதியில் கொட்டிவைத்த மண்மேட்டில்கூடப் பார்க்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தலையின் நிறம் போதும்: வளர்ந்த நீலத்தொண்டைக்கு உச்சியும் பிடரியும் செம்பழுப்பு, நீலவாலுக்குப் பச்சை. மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க முடிந்தால் போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவானுக்குப் போங்கள். சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் தேன்பருந்துகள் கரையேறும் இடம் அது. பருந்து சிறகடித்துப் பறப்பதைவிடச் சூடேறிய காற்றில் மிதப்பதையே விரும்பும். கடல் மேல் அந்தக் காற்று கிடைக்காது. அதனால் நீரிணை குறுகிய இடமாகப் பார்த்துக் கடந்து, களைத்துத் தாழப் பறந்து வரும். காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டு மூன்று வரை பார்க்கலாம், மேகமூட்டமாக இருந்தால் வரத்து குறையும். 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகம் மார்ச்சில் அங்கே பருந்து பார்க்கும் நிகழ்ச்சி நடத்துவது வழக்கம்.

பினாங்கில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக, தண்ணீர்மலைக் கோயிலுக்கு அப்பால் இருக்கும் தாவரவியல் பூங்காவே முதல் தேர்வு. 1884இல் உருவாக்கப்பட்டது, நடைபாதை நன்றாக இருக்கும், மூட்டுவலிக்காரரும் நடக்கலாம். இரட்டை வால் இறகு துடுப்பு மாதிரி நீண்ட கரிச்சானை இங்கே காட்டோரத்தில் தேடுங்கள். கையில் நெகிழிப்பை வேண்டாம். குரங்கு பையைத்தான் பார்க்கும். பாலிக் பூலாவ் பக்கம் சுங்கை பூரோங் வயல்வெளி முற்றிலும் வேறு உலகம், கொக்கும் செம்பருந்தும். கே.எல்.லை ஒட்டி, கெப்போங்கின் வன ஆய்வு நிலையக் காடு நல்ல இடம். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

பால்கனி. செடியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வெயிலை அளந்துவிடுங்கள். கிழக்கு பார்த்த பால்கனிக்குக் காலை பதினொன்று வரை நல்ல வெயில், அதுவே சிறந்தது. மேற்கில் பிற்பகல் வெயில் தொட்டியையே சுட்டுவிடும். வடக்கு பார்த்தால் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைதான் நேரடி வெயில் எட்டிப் பார்க்கும், தெற்கு பார்த்தால் மீதி மாதங்களில். நாம் நிலநடுக்கோட்டுக்கு மூன்று டிகிரி வடக்கே இருப்பதன் விளைவு இது. வடக்குப் பால்கனியில் டிசம்பரில் செம்பருத்தி பூக்கவில்லை என்றால் உரத்தில் குறையில்லை.

தேன்சிட்டுக்கு என்று வைப்பதானால் என் தேர்வு கோஸ்டஸ். இஞ்சி இனம், தண்டின் நுனியில் சிவப்புக் கூம்பு, அதிலிருந்து ஒவ்வொன்றாகச் சின்னக் குழல்பூ எட்டிப் பார்க்கும். மூன்று நான்கு மணி நேர வெயில் போதும். கூம்பில் எறும்பு மொய்க்கும். செடியே அதற்குத் தேன் கசிகிறது, செடிக்குக் கேடில்லை, மருந்து அடிக்காதீர்கள். நல்ல வெயில் இருந்தால் ருசேலியா: ஊசி ஊசியாகத் தொங்கும் தண்டு, சிவப்புக் குழல்பூ, தொங்குதொட்டிக்கு ஏற்றது. செம்பருத்திக்கு ஐந்தாறு மணி வெயிலும் குறைந்தது முப்பது செண்டிமீட்டர் அகலத் தொட்டியும் வேண்டும். பூ ஒரு நாளுக்குத்தான், ஆனால் புதுக் கிளையில்தான் மொட்டு வரும் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். அடுக்குச் செம்பருத்தியைவிட ஒற்றை இதழ் வகைதான் சிட்டுக்கு உதவும். இட்லிப்பூ என்கிற இக்சோரா புளிப்பு மண் கேட்கும் செடி. சிமெண்ட் தூசியும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பூ முடிந்தபின் பழத்தைக் கொண்டைக்குருவி தின்னும், ஆகவே வாடிய கொத்தை எல்லாம் கிள்ளிவிட வேண்டாம்.

செடி வாங்கச் சுங்கை பூலோ நர்சரிகளே மலிவு. மண் கலவை: மேல்மண் மூன்று பங்கு, கம்போஸ்ட் இரண்டு, கருக்கிய உமி அல்லது ஆற்று மணல் ஒன்று. தொட்டியைத் தடுப்புச் சுவரின் மேலோ கம்பிக்கு வெளியிலோ வைக்கவே கூடாது. ஏழாவது மாடியிலிருந்து விழும் தொட்டி ஆளைக் கொல்லும்.

காகிதப்பூவைத் தனியே சொல்கிறேன், ஏனென்றால் மேலே சொன்ன மழைக் கணக்கு முழுவதையும் அது ஒரே தொட்டியில் நடத்திக்காட்டும். நர்சரியில் நிறைந்து பூத்ததை வாங்கி வந்து, தினம் தண்ணீர் ஊற்றிப் பச்சை இலையாக மட்டும் வளர்த்துவிட்டு, செடி சரியில்லை என்பார்கள். அதற்கு வறட்சி வேண்டும். கூரை விளிம்புக்குள், மழை படாமல், வெயில் படும் இடத்தில் வையுங்கள். தண்ணீரை நிறுத்துங்கள். நாலைந்து நாளில் இலை துவளும்; துவண்டதும் கொஞ்சம் ஊற்றி மறுபடி காயவிடுங்கள். இலை உதிரத் தொடங்கி, நுனியில் பொடிப்பொடியாக நிறம் தெரியும்வரை இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்துவிட்டு, பிறகு வழக்கம்போல் ஊற்றுங்கள். துவளும்வரை பொறுக்கலாம், தண்டு சுருங்கும்வரை விடக்கூடாது. தழைச்சத்து மிகுந்த உரம் இலையைத்தான் தள்ளும். இதே வித்தை மழை லில்லிக்கும் செல்லும்: கிழங்குத் தொட்டியை மூன்று வாரம் காயவிட்டு ஒருநாள் மழையில் நனைய வையுங்கள், மூன்றிலிருந்து ஐந்து நாளில் பூ.

மாவுப்பூச்சி வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளித்து, அரை மணி கழித்து நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. வேரில் போட்டு உறிஞ்சவைக்கும் பூச்சிமருந்து வேண்டாம். அது பூந்தேனுக்கும் போய்ச் சேரும்.

செடி நிலைத்தபின் தேன்சிட்டு கூடே கட்டலாம். மடியில் தொங்கும் சுருக்குப்பை போல, துணிக்கொடியிலோ தொங்குதொட்டிக் கம்பியிலோ, புல்லும் பஞ்சும் காய்ந்த இலைத்துணுக்கும் சிலந்தி நூலால் சேர்த்துக் கட்டியிருக்கும். பக்கத்தில் நுழைவாயில், அதன் மேல் சின்னத் தாழ்வாரம், அடியில் குப்பை மாதிரி ஒரு வால். அந்த வாலைப் பார்த்து ஒட்டடை என்று துடைத்துவிடுகிறவர்கள் அதிகம். கட்டுவதும் அடைகாப்பதும் மஞ்சள் வயிற்றுப் பெண்; தொண்டை நீலமாக மின்னும் ஆண் காவல் இருந்துவிட்டு, குஞ்சு பொரித்தபின் இரை கொண்டுவரும். முட்டை பெரும்பாலும் இரண்டு. அடைகாப்பு பதினொன்று பன்னிரண்டு நாள், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். ஆக மொத்தம் ஒரு மாதம் அந்தக் கொடியில் துணி உலர்த்தாதீர்கள். கூட்டை இடம் மாற்றாதீர்கள், கைப்பேசியை நுழைவாயிலில் நீட்டிப் படம் எடுக்காதீர்கள். தாய் கூட்டில் இருக்கும்போது அலகு மட்டும் வெளியே தெரியும். வீட்டுக்குள்ளிருந்து பார்த்தாலே போதும்.

தீனி? வேண்டாம் என்பதே என் பதில். சோறும் ரொட்டியும் போட்டால் வருவது மைனா, மாடப்புறா, காக்கை, இரவில் எலி. பிறகு மேனேஜ்மென்டின் கடிதம். சீனித் தண்ணீர் நம் வெக்கையில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். அதற்குப் பதில் தண்ணீர் வையுங்கள், வறட்சி மாதங்களில் அது பூவைவிட அதிகம் இழுக்கும். முப்பது செண்டிமீட்டர் அகல மண்தட்டு, இரண்டு மூன்று செண்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் தண்ணீர் கூடாது, நடுவில் நிற்க ஒரு கல். தினம் கொட்டி மாற்ற வேண்டும். மாற்றினால் மட்டும் போதாது, விளிம்பை பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஏடிஸ் கொசு தண்ணீர்க் கோட்டுக்கு மேல் முட்டையை ஒட்டிவிடும், அது காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். வீட்டில் கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம். ஊருக்குப் போகும் நாட்களில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

பறவை வரத் தொடங்கினால் கண்ணாடிக் கதவைக் கவனியுங்கள். அதில் வானம் தெரிந்தால் வானம் என்றே மோதும். ஐந்து செண்டிமீட்டர் இடைவெளியில் வெள்ளைப் புள்ளி ஒட்டுங்கள், கண்ணாடியின் வெளிப்பக்கம். ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டுவதால் பயனில்லை, அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் மோதும். இடம்பெயரும் பறவைகள் பல இரவில் பறக்கும் என்பதால் மார்ச் ஏப்ரலிலும் அக்டோபர் நவம்பரிலும் பால்கனி விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். மோதி விழுந்ததை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, பிறகு வெளியே திறந்துவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும்.

பைனாகுலர் வாங்குங்கள், ஆனால் மூன்று மாதம் வெறுங்கண்ணால் பார்த்த பிறகு. எட்டுக்கு முப்பத்திரண்டு அல்லது எட்டுக்கு நாற்பத்திரண்டு: முதல் எண் எத்தனை மடங்கு, இரண்டாவது முன்கண்ணாடியின் மில்லிமீட்டர். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்காகும், பார்வைப் பரப்பும் குறுகும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் அதைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பால்கனிக்கு, இரண்டு மீட்டர் கிட்டத்தில் இருப்பதும் தெளிவாகத் தெரிய வேண்டும். பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகுங்கள். குனிந்து அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துவிடும். நம் ஊர் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். தோல் உறைக்குள் பூட்டி அலமாரியில் வைத்தால் ஒரே வருடத்தில் கண்ணாடி மங்கும்.

மார்ச் ஏப்ரல் மாதங்களில் அடுக்குமாடியின் கீழே இறகு முளைத்தும் பறக்கத் தெரியாத குஞ்சு தத்திக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். தொலைந்த குஞ்சு அல்ல, பறக்கப் பழகும் குஞ்சு. பெற்றோர் பக்கத்து மரத்தில்தான் இருக்கும். பூனையும் காரும் எட்டாத புதரில் தூக்கி வைத்துவிட்டு விலகுங்கள். தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்க மட்டும் வேண்டாம்: பல பறவைகள் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, உரிமமில்லாமல் வைத்திருப்பது குற்றம். காயம் தெரிந்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்.